ஒரு கிலோவுக்கு மேலே

எனக்கு எழுபத்தொன்பது வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். ஆனால் நாலு வருடமாக, யாரும் கேட்டால் மூன்று என்றுதான் சொல்லிவந்தேன். கேட்டவர்களும் தெரியாததுபோல இருந்துவிடுவார்கள். டென்மார்க்கில் இந்த பிராண்டே சின்ன ஊர். இங்கே தமிழாட்களுக்குள் ஒருவர் தும்மினால் மற்றவர் வீட்டில் மல்லி அவியும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்துக் கூட்டத் தெரியும், கை ஓடாது. நான் சொல்லச் சொல்ல மகளின் மகள் எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். என் பேச்சை நேராக்கித்தான் எழுதுவேன் என்கிறாள். சரி, எழுதட்டும்.

எங்கள் வீட்டுக் கராஜில் கறித்தூள் செய்கிறோம். செத்தல் மிளகாய் வறுபடும்போது பக்கத்து வீட்டு டெனிஷ் மனுசி முன்பெல்லாம் சன்னலை அடித்துச் சாத்துவாள். இப்போது தானே போத்தல் கொண்டுவந்து வாங்கிப் போகிறாள். வறுப்பது நான். நிறுப்பதும் கணினியில் ஓடர் பார்ப்பதும் மகள்.

தூள் டென்மார்க் முழுக்கப் போகும், வீட்டுக்கு ஒரு பெட்டியாக. தனித்தனியாக அனுப்பினால் தபால் கூலி கட்டுப்படியாகாது. அதனால் மகளும் இந்தப் பக்கத்துச் சிறு வியாபாரிகள் சிலரும் சேர்ந்து, நாட்டின் தபாலோடு பேசி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். எல்லாம் ஒரே அளவுப் பெட்டி. பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. லேபலை நாங்களே ஒட்டி, செவ்வாய்க்கிழமை காலையில் நாங்களே கொண்டுபோய்த் தபால் நிலையத்தில் இறக்கவேண்டும். அதற்குப் பதிலாகக் கூலியில் குறைப்பு.

மகள் தொள்ளாயிரம் கிராம் தூளை நிறுத்து வைத்துவிட்டு உள்ளே போவாள். பையைக் கட்டிப் பெட்டியை ஒட்டுவது என் வேலை. கட்டுமுன் ஒவ்வொரு பையிலும் ஒரு சிறங்கை அள்ளிப் போடுவேன். நிறுத்ததை நிறுத்தபடியே கொடுக்க எனக்குக் கை வராது. அது ஒருவருக்கும் தெரியாது.

தெரியாத இன்னொன்றும் இருந்தது. மாதம் ஒரு பெட்டி பிரெடெரிசியாவுக்குப் போகும். அங்கே இருப்பவன் என் மூத்த மகன். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. அவனுடைய தகப்பனுக்கு நினைவு தப்பி, இரண்டு தரம் பனிக்குள் வெறுங்காலோடு இறங்கிப் போனார். "உங்களால ஏலாதம்மா, முதியோர் இல்லத்தில விடுவம்" என்று அவன்தான் பிடிவாதமாய் நின்றான். விட்டோம். பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். செத்தவீட்டில் அத்தனை பேருக்கு முன்னால் நான் சொன்னேன்: "தகப்பனைக் கொண்டுபோய் விட்டவன் இனி என்ர வாசல் மிதிக்கக் கூடாது."

அவன் மிதிக்கவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளையாக வளர்த்தது நான்தானே.

ஆனால் மாதம் தவறாமல் கணினியில் அவனுடைய ஓடர் வரும். ஒரு கிலோப் பெட்டி, உறைப்புக் கூட. வேறு ஒரு சொல் இராது. அந்தப் பெட்டிக்குள் நான் எட்டுப் பயத்தம் உருண்டை வைத்து ஒட்டுவேன். சின்னனில் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் கேட்பான். அவனிடமிருந்து நன்றியும் வராது, வேண்டாம் என்றும் வராது. அடுத்த மாதம் ஓடர் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போன காலத்தில்தான் இது நடந்தது. கடிதம் கொண்டுபோவதை நாட்டின் தபால் விட்டுவிட்டது, இனிப் பொதிதான் என்றார்கள். அதோடு பொதி சுமக்கும் வேறொரு கம்பனி முறைப்பாடு வைத்தது: தபால் சிலரோடு தனியாகப் பேசி, நட்டத்துக்கு ஏற்றி இறக்குகிறது, இது நியாயமா என்று. தபாலை மேற்பார்க்கும் அரசாங்க அலுவலகம், பேசிச் செய்த ஒப்பந்தங்களையெல்லாம் எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. கேட்டது சரியான கேள்விதான். நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் இறக்கிய பெட்டிகளையெல்லாம் அங்கேயே வைத்து நிறுத்தார்களாம். அந்தக் கணக்கு மகளின் கணினிக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"அம்மா, எங்கட பெட்டி ஒண்டுகூட ஒரு கிலோவுக்குள்ள இல்லை. ஆயிரத்து நாப்பது, ஆயிரத்து அம்பது... நான் நிறுத்துத்தானே வைச்சனான்!"

"நான் ஒரு கை போட்டனான்."

"எத்தினை நாளா?"

"துவங்கின நாள் தொட்டு."

"ஐயோ அம்மா! இது ஒப்பந்தம். மற்ற ஆக்களும் இதுக்குள்ள இருக்கினம்."

"மட்டாய் நிறுத்துக் குடுக்க நான் என்ன மருந்துக்கடையே வைச்சிருக்கிறன்?"

பேத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. விரலை அட்டவணையில் கீழே கீழே கொண்டுபோனாள். பெயர் இல்லை, தபால் இலக்கம் மட்டும். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஏழாயிரம். ஆயிரத்து நானூறு கிராம்."

ஏழாயிரம் பிரெடெரிசியாவின் இலக்கம். அங்கே எங்களுக்கு ஒரே ஓர் ஓடர்தான். மகள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பிப்போய் ஈரமில்லாத கோப்பையைத் துடைத்தேன். நாலு வருடம் ஊருக்கு மறைத்ததை, முகம் தெரியாத ஓர் அலுவலகம் தராசில் வைத்து, கிராம் கணக்கில் எழுதி அனுப்பியிருந்தது.

"அம்மா, அண்ணாக்கு என்ன வைச்சனீங்கள்?"

"உனக்கென்ன? பதில் எழுதவேணுமெண்டால் எழுது."

எழுதினாள், டெனிஷில். பேத்தியிடம் கேட்டேன், என்ன எழுதுகிறாள் என்று. "பொதி செய்யேக்க பிழை நடந்திட்டுது எண்டு."

"பிழையெண்டு எழுதாதை," என்றேன். "பழக்கமெண்டு எழுது."

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. கூலி நியாயந்தான், ஒப்பந்தம் இருக்கலாம். ஆனால் இறக்கும் இடத்திலேயே ஒவ்வொரு பெட்டியும் நிறுக்கப்படும். ஒரு கிலோவுக்கு மேல் கண்டால் திரும்பிவரும். மறுபடியும் நடந்தால் ஒப்பந்தம் முறியும். பை கட்டும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மாதம் பிரெடெரிசியாப் பெட்டி தொள்ளாயிரம் கிராம் தூளோடு, வேறொன்றும் இல்லாமல் போனது. தூக்கிக் கொடுக்கும்போது அது என் கையில் பாரமே காட்டவில்லை.

அடுத்த மாதம் அவனுடைய ஓடர் வரவில்லை. முதல் கிழமை போனது. இரண்டாவதும் போனது. தூள் முடிந்திராது, வேலை கூடவாயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரெடெரிசியா ஒரு மணித்தியாலக் கார் ஓட்டந்தான். மகள், "கூட்டிக்கொண்டு போகட்டே?" என்றாள். "எனக்கு அங்க என்ன அலுவல்?" என்றேன். சொல்லிவிட்டு அன்று முழுக்கக் கராஜுக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

"ஓடரெல்லாம் வந்திட்டுதோ?" என்று தினமும் கேட்டேன்.

"எல்லாம் எண்டு நீங்கள் கேக்கிறது ஒண்டைத்தானே," என்றாள் மகள்.

மூன்றாம் கிழமை அவனுடைய ஓடர் வந்தது. ஒரு கிலோப் பெட்டி, உறைப்புக் கூட. கீழே, வாடிக்கையாளர் ஏதும் சொல்லவிரும்பினால் எழுதுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நாலு வருடமாக அவன் அதைத் தொட்டதில்லை. இந்த முறை அதில் தமிழில் எழுதியிருந்தது. பேத்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள்:

"போன பெட்டி பாரம் குறைவு."

"அண்ணா முறைப்பாடு வைச்சிருக்கிறார்," என்றாள் மகள். நான் கராஜுக்குள் போய், சூடு ஆறிய அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டேன்.

அவன் அன்று சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்னால் ஏலாமல்தான் இருந்தது. தகப்பனைக் குளிக்கவார்க்கத் தூக்கும்போது என் கை நடுங்கியதை அவன் கண்டுவிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அவனுக்குக் கடிதம் போடத் தெருவில் பெட்டி இல்லை. ஆனால் தூள்பெட்டிக்குள் தாள் வைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லையாம். மகள் இரண்டு தரம் பார்த்துவிட்டாள். நான் சொன்னதையெல்லாம் பேத்தி எழுதி முடித்து, தாளைத் தராசில் போட்டாள்.

"அம்மம்மா, மூண்டு தாள். பதினைஞ்சு கிராம்."

"பெட்டி மட்டாய் நிக்குதோ?"

"ஓம், மட்டு."

"அப்ப ரெண்டு கரண்டி தூளை எடு. கடைசியில இதையும் எழுது: உருண்டை இனிப் பெட்டியில வராது. டின்னில போட்டு வைச்சிருக்கிறன். வாசல் பூட்டுறதில்லை."

எழுதினாள்.

"இனி முதல்ல இருந்து வாசி, குஞ்சு. மெல்லமாய் வாசி. நாலு பிள்ளையள் எண்டு எழுதினனியோ, மூண்டு எண்டு எழுதினனியோ, அதைக் கேக்கவேணும்."