முன்சக்கரத்தில் வெயில் டயர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டயர் கடைத் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சம்மட்டி என்று கேளுங்கள், மூக்கைத் தடவிக்கொண்டே கடையைக் காட்டுவார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேரின் மூக்கு அவர் கையோடு பழகிய மூக்கு. அப்படி ஒரு கோபம் மனுஷனுக்கு! நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். வார்த்தை சட்டென்று கிடைக்காத இடத்தில் கை முந்திக்கொள்ளும். ஜாக்கியை எடுத்த இடத்தில் திருப்பி வைக்கவில்லை என்பதற்காகக் கூடப் பிறந்த தம்பியின் முன்பல்லைப் பெயர்த்தவர் அவர். மனைவி மேல் ஒரே ஒருமுறை கை வைத்தார். அவள் கையில் கிடைத்த வீல் ஸ்பானரால் போட்டாள் ஒரு போடு, புருவம் பிளந்து ரத்தம் சட்டையெல்லாம் நனைத்தது. அன்றிலிருந்து வீட்டில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்.

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, லிவரைக் கொடுத்து நெம்பினால் ரிம்மில் ஒரு கீறல் விழாது. மாட்டி முடித்து மெஷினில் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அங்கே ஈயத்துண்டை ஒட்டுகிற வரை யாரோடும் பேசமாட்டார். அந்த நேரத்தில் மட்டும் தெரு நிம்மதியாக இருக்கும்.

குளிர்காலம் வந்தால் போச்சு. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கடை வாசலில் வந்து நின்றாலே அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். கார் மேல் அவருக்குக் கோபம் இல்லை, அதன் காலில் இருக்கும் டயர் மேல்தான். அந்த மாதிரிக் கார்களுக்கு வெயில்காலத்துக்கென்றே ஒரு டயர் உண்டு. ரப்பர் மிருதுவானது, சூடான ரோட்டில் பசை போட்டது மாதிரி பிடிக்கும். குளிர் இறங்கிவிட்டால் அதே ரப்பர் விறைத்து பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆகிவிடும். கோடு தேயாமல் புத்தம்புதுசாக இருந்தாலும் பிடி இருக்காது. குளிருக்கென்று இருக்கும் டயரை மாட்டச் சொன்னால் கேட்கிறார்களா? "விலை கூடின டயர்ங்க, இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஒரு காரோட்டி இளித்தான். சம்மட்டி சோப்புக் கையோடு அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார். அவன் போலீசுக்குப் போனான், இவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார், கார் அதே டயரோடு வேறெங்கோ போயிற்று. அடித்து என்ன கண்டார்? ஒன்றும் இல்லை. ஆனாலும் புத்தி வந்ததா? அதுவும் இல்லை.

அவருக்கு ஒரே மகள். மகள் என்றால் உயிர். அவள் காதலித்தவன் கடைக்கே வந்து, "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தான். மாமா என்ற சொல் காதில் விழுந்த மறுநிமிடம் அவன் கம்ப்ரஸர் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான். உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. மகள் அவனைத் தூக்கி உட்காரவைத்து, தன் துப்பட்டாவால் ரத்தத்தைத் துடைத்து, அப்படியே அவனோடு போய்விட்டாள். கல்யாணத்துக்கு அப்பாவை அழைக்கவில்லை. அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். மனைவி பேசும்போதெல்லாம் சம்மட்டி அடுத்த அறைக் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். மகள் திரும்பி வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது அவருக்கு.

அந்த மாப்பிள்ளை ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதை, வாங்கியிருந்தான். ரோடெல்லாம் உறைபனி படிந்த ஒரு காலையில் மனைவி போனை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் மலைக்குப் போறாங்களாம், பனி பார்க்க" என்றாள்.

"அந்த வண்டியிலயா? டயர் மாத்துனானா?"

"பின்னால ரெண்டும் குளிர் டயராம். இழுக்கறது பின்சக்கரம்தானே, முன்னாடி இருக்கறது புதுசு, அது போதும்னு மாப்பிள்ளை சொல்லிட்டாராம்."

நாலும் வெயில் டயராக இருந்தால்கூடத் தேவலை. வண்டி கிளம்பும்போதே வழுக்கும், ஓட்டுகிறவன் பயந்து மெதுவாகப் போவான். பின்னால் மட்டும் நல்ல டயர் போட்டால் வண்டி ஜோராகப் பாயும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். திருப்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் முன்சக்கரம். மலை வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் முன்னால் ஒன்றுமே இல்லை என்று தெரியும்.

மனைவி கையிலிருந்து போனைப் பிடுங்கினார். மகள் எடுத்ததும் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அவர் வாயில் என்ன வந்தது தெரியுமா? "செத்துப் போவீங்கடி ரெண்டு பேரும்! அந்த நாய்கூடப் போய்ச் சாவு!"

மகள் போனை வைத்துவிட்டாள். அது சாபம் இல்லை, பயம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பாவி மனுஷன், பயத்தைக்கூடத் திட்டாமல் சொல்லத் தெரியவில்லை.

கையில் லிவரோடு அவர் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேட்டுத் தெருவின் உச்சியில் வீடு. சம்மட்டி நேரே முன்சக்கரத்தருகில் உட்கார்ந்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. மாப்பிள்ளை, "புது டயர் மாமா, பாருங்க, கோடு அப்படியே இருக்கு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவர் லிவரின் முனையை டயரின் பக்கவாட்டில் குத்த ஓங்கினார். அவன் கையைப் பிடித்தான். அவ்வளவுதான். லிவர் அவன் தோளில் இறங்கியது, எலும்பு மேல் விழுந்த அடி. அவன் அலறிக்கொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாக, திருப்பி அடித்தான். முஷ்டி சம்மட்டியின் மூக்கில் விழுந்தது. இவர் அவன் தலைமுடியைப் பிடித்துக் காரின் கதவில் மோதினார், ஒருமுறை, இன்னொருமுறை. மகள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தித் தள்ளினாள்.

"நீ மனுஷனே இல்ல! ஏங்க, வண்டிய எடுங்க, இந்த ஆள் நம்மள கொன்னுடுவான்!"

அப்பாவைப் பார்த்துத்தான் இந்த ஆள் என்றாள். கதவுகள் சாத்திக்கொண்டன. அவர் லிவரை எறிந்ததில் பின்கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை.

தெரு மேட்டிலிருந்து சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. நடுவில் படிக்கட்டு ஒன்று உண்டு. சம்மட்டி அதில் விழுந்தடித்து இறங்கி, கீழே ரோடு திரும்பும் இடத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கருங்கல் சுவர், காலடியில் வெள்ளையாக உறைபனி. அந்த டயர் நிற்காது என்று அந்தத் தெருவிலேயே தெரிந்த ஒரே ஆள், அதன் முன்னால் போய் நின்றார். கோபம் கண்ணை மறைத்தால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடுகிறது.

காரின் சிவப்பு மூக்கு வளைவில் தெரிந்தது. மாப்பிள்ளையின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, பல்லைக் கடித்த அந்த முகத்தில் வெறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. வண்டியின் வேகம் குறையவே இல்லை. அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு பம்பர் அவர் முழங்காலுக்குக் கீழே பிடித்துச் சுவரோடு நசுக்கியது. முன்விளக்கு உடைந்து முகத்தில் தெறித்தது. அவர் பானெட் மேல் குப்புற விழுந்தபடி மகளின் வாய் திறந்திருப்பதைப் பார்த்தார், அவள் போட்ட சத்தம் அவர் காதில் விழவில்லை.

வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையைப் போலீஸ் கொண்டுபோயிற்று. சண்டையைத் தெருவே பார்த்திருந்தது, வேண்டுமென்றேதான் ஏற்றினான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனே என்ன சொன்னான் தெரியுமா? "பிரேக்க மிதிச்சேனான்னு எனக்கே தெரியல. அவர் சாகணும்னு நெனச்சேன், அது மட்டும் ஞாபகம் இருக்கு."

மகள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அப்பா பக்கத்தில். கண் வீங்கியிருந்தது.

"நான் பக்கத்துல இருந்தேம்பா. அவர் முகத்தைப் பார்த்தேன். நீ எப்படி அடிப்பியோ அதே முகம். இனிமே அங்க போகமாட்டேன். உன்கூட வந்துடறேன்."

சம்மட்டி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு காலுக்கு மகளே திரும்பக் கிடைத்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நெஞ்சுக்குள் வந்த சந்தோஷத்தை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

மத்தியானம் வாக்குமூலம் வாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். "வேணும்னே ஏத்துனாருன்னு எழுதிக்கவா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்மட்டி அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவன் பிரேக் போட்டான்."

"பயப்படாம சொல்லுங்க பெரியவரே. வேகம் குறையவே இல்லன்னு பார்த்தவங்க சொல்றாங்க. அவருக்கே தெரியலங்கறாரு."

"நான் யாருக்குங்க பயப்படப் போறேன்? இந்த மாதிரி வண்டியில, வழுக்கற ரோட்டுல பிரேக்க முழுசா மிதிச்சா சக்கரம் இறுகிப் போகாம, வண்டியே விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போ அடியில கடகடன்னு சத்தம் வரும். அது வந்துச்சு. முன்டயர் பிடிக்கல, அதுக்கு அவன் என்ன செய்வான்?"

மகள் நிமிர்ந்தாள். "அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. உன் கால் நொறுங்கற சத்தம்னுல்ல நெனச்சேன்?"

"கால் அப்புறந்தாம்மா போச்சு. மொதல்ல வந்தது பிரேக் சத்தம்."

"அவர் முகத்தைப் பார்த்தேனேப்பா."

"முகத்தை விடு. மண்டைய ஒடச்சிருக்கேன், முகம் வேற எப்படி இருக்கும்? கால் மிதிச்சுச்சா இல்லையா, அதைப் பாரு." அவர் மறுபடி கூரையைப் பார்த்தார். "அவன் எடத்துல நான் உக்காந்திருந்தா அந்தச் சத்தமே வந்திருக்காது."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மகள் எழுந்து, அப்பாவின் போர்வையைக் காலிருந்த இடம்வரை இழுத்துவிட்டு, புருஷனைப் பார்க்க ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.