எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம்

போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் கம்பி சுற்ற ஜகீராபாத்தில் யாதகிரியை விட்டால் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மட்டும் அந்தக் கை சீட்டைத் தேடும். தெலங்கானாவுக்குள் இருந்துகொண்டு போனில் போக்கர் ஆட முடியாது, தடை. ஆள் எங்கே நிற்கிறான் என்பதை அந்தப் பாழாய்ப்போன செயலி மோப்பம் பிடித்துவிடும். பீதர் சாலையில் எல்லைப் பலகையைத் தாண்டிவிட்டால் கர்நாடகம். அங்கே அப்போது தடையில்லை. பலகையை ஒட்டி ஷரணப்பாவின் தாபா. வாராவாரம் ஒரு கூட்டம் பைக்கேறிப் போய் அங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிடும். ரொட்டி விற்றதைவிட போனுக்கு சார்ஜ் போடக் கொடுத்தே ஷரணப்பா மாடி வீடு கட்டிவிட்டான்.

யாதகிரி ஒன்றும் சூரன் இல்லை. ஐந்நூறு அறுநூறு பேர் ஆடும் போட்டியில் முதல் ஒரு மணி நேரத்திலேயே பந்தயச் சில்லுகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டு எழுந்துவிடுவான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அடுத்தடுத்த போட்டியில் சேர்ந்துகொண்டே இருப்பான்.

போன பதுகம்மா பண்டிகைக்குப் பூ வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன், பலகையைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டான். தெருப் பெண்கள் பூவடுக்கி, சுற்றி ஆடி, குளத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வெறுங்கையோடு வந்து நின்றான். மறுநாளே மனைவி ஸ்வரூபா மகளைக் கூட்டிக்கொண்டு தாண்டூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகுதான் மனம் இறங்கிப் போனில் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி பஸ்ல வரோம். ஸ்டாண்டுல நீங்க நின்னா இறங்குவோம். இல்லன்னா அதே பஸ்ல திரும்பிடுவோம்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா. ஏன், வேற சோலி இருக்கா?"

இல்லவே இல்லை என்றான். ஆனால் அந்த ஞாயிறு போட்டிக்கு முன்பே பணம் கட்டியிருந்தான். இரண்டு மணிக்கு ஆரம்பம், வழக்கம்போல் மூன்றுக்குள் தோற்றுவிடுவோம், நாலுக்குப் பஸ் நிலையம். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை.

"அண்ணா, டீ போடவா, இல்ல அதுக்குள்ள கெளம்பிடுவியா?" என்றான் அந்த ஞாயிறு தாபாவில் ஷரணப்பா.

"இன்னைக்கு சீக்கிரமே போகணும்டா."

அன்றைக்கென்று சீட்டு வந்து கொட்டியது. மணி மூன்றைத் தாண்டியும் சில்லு குறையவில்லை. எழுந்து போனால் கட்டாயப் பந்தயமே வட்டத்துக்கு வட்டம் அவற்றைத் தின்று தீர்க்கும்; அதைப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. சரி, ஒரேயடியாகத் தோற்றுத் தொலைப்போம் என்று ஏழும் இரண்டும் கையில் இருக்க, மொத்தச் சில்லையும் தள்ளினான். அதைவிட மட்டமான கை கிடையாது. பொதுச் சீட்டில் இன்னும் இரண்டு ஏழு வந்து விழுந்து அவனை ஜெயிக்க வைத்துவிட்டன.

"ஏய், இவனுக்கு இன்னைக்கு சனி வெலகிடுச்சுடா!" என்று கட்டில்களெல்லாம் கூவின. சனி விலகவில்லை, அப்போதுதான் வந்து உட்கார்ந்தது.

மூன்றரைக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு பைக்கை எடுத்தான். பலகையைத் தாண்டியதும் சட்டைப்பையில் போன் கத்தியது. இந்த இடத்தில் ஆட அனுமதியில்லை. திரை சாம்பல் பூத்துவிட்டது. இன்னும் முப்பது பேர்தான் மிச்சம் என்ற வரி மட்டும் தெரிந்தது. நடுச்சாலையில் காலூன்றி நின்றான். எதிரே ஊர், பின்னால் சீட்டு. ஒரே ஒரு கை ஆடிவிட்டு ஓடிவிடலாம் என்று வண்டியைத் திருப்பினான். பாவி, நேரே போயிருக்கக்கூடாதா!

திரும்பியதும் கையில் இரண்டு ஆஸ், இருப்பதிலேயே உயர்ந்த கை. பந்தயம் ஏறிக்கொண்டிருந்தபோது ஸ்வரூபாவின் அழைப்பு வந்து திரையை மூடியது. பதினைந்து வினாடிக்குள் ஆடாவிட்டால் கை போய்விடும். அழைப்பை வெட்டினான். ஜெயித்தான். மறுபடி அழைத்தாள். மறுபடி வெட்டினான். அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை. ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லையென்று அவனுக்கு அந்த நேரத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

பொழுது சாயும்போது முதல் பரிசு அவனுக்கு. வருஷம் முழுக்க மோட்டார் சுற்றினாலும் வராத தொகை. ஷரணப்பா அவனைத் தூக்கிச் சுற்றினான். தரையில் கால் பட்டபோதுதான் யாதகிரிக்கு நாலு மணி பஸ் உறைத்தது; பைக்கைப் பார்த்து ஓடினான்.

ஜகீராபாத் பஸ் நிலையத்தில் தாண்டூர் பஸ் நிற்கும் இடம் காலியாக இருந்தது. மனைவியை அழைத்தான்.

"ஸ்வரூபா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்கு வந்துட்டோம். எங்கம்மா வீட்டுக்கு." அவள் குரலில் கோபமே இல்லை. "பஸ் கெளம்புற வரைக்கும் ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தோம். பொண்ணு பைக் சத்தம் கேக்குறப்பல்லாம் எந்திரிச்சு நின்னா."

"மன்னிச்சுக்கோ. இன்னைக்கு என்ன ஆச்சுன்னா..."

"ஜெயிச்சிட்டீங்க. அதானே?"

"எப்படித் தெரியும்?"

"தோத்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பீங்களே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க தோக்கணும்னுதான் சாமி கும்பிட்டேன். இன்னைக்கு பஸ்ல வரும்போதும் அதைத்தான் கேட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.