சில்லுக்கு வைக்கிற கட்டை

கனகராயன்குளத்தில் இராசேஸ்வரியைச் சின்னராசாவின் மனிசி என்றுதான் எல்லாருக்கும் தெரியும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறியில் வந்து இறங்கியபோது அவளுக்கு எட்டு வயது. பற்றை வெட்டினாள், வெங்காயம் நட்டாள், தோட்டத்துப் பேச்சை விட்டு வன்னிக்காரரைப் போலவே கதைக்கப் பழகினாள். வாகனம் திருத்தும் சின்னராசா அவளை விரும்பிக் கட்டும்போது ஒன்றுதான் கேட்டான்: "என்ர அக்காவுக்கு முன்னால தோட்டத்துக் கதை எடுக்காதையும்." இருபத்தாறு வருடமாக அவள் எடுக்கவில்லை. அவனுடைய அக்கா றஞ்சனியும் அவள் தோட்டத்துக்காரி என்று தெரிந்தும் தெரியாதவள்போல இருந்தாள்.

போன வருடம் சின்னராசா ஒரு பழைய டொல்பின் வானின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் காஸ் அடுப்பும் பூட்டினான். சித்திரை விடுமுறைக்குக் குடும்பமாக மலைநாட்டுப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு. தோட்டத்திலேயே தங்கிவிட்ட தன் அக்கா தங்கம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள் இராசேஸ்வரி. பார்த்துப் பன்னிரண்டு வருடம். "ஓம், கட்டாயம்" என்றவன், புறப்படுகிற அன்று றஞ்சனியையும் ஏற்றிக்கொண்டான்.

வானின் கைப்பிறேக் பிடிக்காது என்பது கண்டி தாண்டித்தான் தெரிந்தது. சமதரையான வன்னியில் வானை எங்கே விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கும். அதைச் சோதிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. கியரில் போட்டாலும் சரிவில் நழுவியது. ஆகவே நிற்குமிடமெல்லாம் இராசேஸ்வரி குதித்து இறங்கி, வான் உருளாதபடி சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும். அதுவரை அவன் பிறேக்கை மிதித்தபடி இருப்பான். ஹக்கல பூங்காவில் வைத்தாள். ஹோட்டன் சமவெளியில் பனிக்குளிரில் விரல் விறைக்க வைத்தாள். றஞ்சனி சால்வையைப் போர்த்திக்கொண்டு படம் எடுத்தாள்.

மூன்றாம் நாள் நானுஓயா தாண்டி இறங்கும்போது கொழுந்துக் கூடையோடு நாலைந்து பெண்கள் றோட்டோரமாகப் போனார்கள்.

"உந்தத் தோட்டக்காட்டாருக்குக் குளிரே இல்லைப் போல" என்றாள் றஞ்சனி. "வெறுங்காலோட போகுதுகள்."

சின்னராசா பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். இராசேஸ்வரி மடியில் இருந்த போனை இறுக்கிப் பிடித்தாள். காலையில் தங்கம்மா போன் எடுத்திருந்தாள். "கோயில் வளைவுல நிக்கிறேன் ராசு. ரொட்டி சுட்டு வச்சிருக்கேன். மழை பேஞ்சாலும் நிப்பேன்."

வளைவு வந்தது. நரைத்த தலையும் கறுப்புக் குடையுமாக ஒருத்தி கையை உயர்த்தினாள். வான் அவளைத் தாண்டிப் போயிற்று.

"நிப்பாட்டுங்கோ."

"இருட்ட முதல் நீர்வீழ்ச்சியப் பாக்கோணும். திரும்பி வரேக்க பாப்பம்."

"திரும்பிப் போறது வேற றோட்டால எண்டு நேற்று நீங்கள்தான் சொன்னது."

றஞ்சனி திரும்பிப் பார்த்தாள். "ஆரோ கூலிக்காரி கை காட்டினதுக்கு ஏன் இப்பிடி அடம்பிடிக்கிறாய்?"

"அவ என்ர அக்கா, மச்சாள். உங்களுக்கு அது இருபத்தாறு வருசமாத் தெரியும். தெரிஞ்சுதானே மூண்டு நாளா எனக்குக் கேக்கக் கதைக்கிறியள்."

பின்னால் கட்டிலில் படுத்திருந்த மகள் சுதாஜினி எழுந்தாள். "அப்பா, நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி நான் கதவைத் திறப்பன்."

வான் இறக்கத்தில் குலுங்கி நின்றது. இராசேஸ்வரி கட்டையோடு இறங்கினாள்.

"கெதியா வையும், ராசேஸ். கால் நடுங்குது."

அவள் வைக்கவில்லை. யன்னலோரம் வந்து நின்றாள். "எல்லா இடத்திலயும் இறங்கி நிண்டியள். குரங்கு பாக்கவும் நிண்டியள். என்ர அக்காவுக்கு மட்டும் நிக்கேலாது."

"ராசேஸ், வான் இறங்குதப்பா."

"மிதிச்சுக்கொண்டு இருங்கோ. மச்சாள், அங்கால கல்லுக் கிடக்கு. இறங்கி எடுத்து வையுங்கோ. எனக்கு ரெண்டு மணித்தியாலம் செல்லும்."

அவள் ஏற்றத்தில் நடந்தாள். சுதாஜினி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

"தம்பி, எந்தச் சில்லுக்கடா?" என்று றஞ்சனி கேட்பது கேட்டது.

"முன்சில்லுக்கு அக்கா. பெரிய கல்லாப் பாருங்கோ."

இராசேஸ்வரி திரும்பவில்லை. மேலே வளைவில் குடை தெரிந்தது. கையில் இன்னும் கட்டை இருந்தது.

"இந்தா வர்றேன்க்கா" என்று கூப்பிட்டாள்.

அம்மா அப்படிப் பேசி சுதாஜினி அதற்கு முன் கேட்டதில்லை.