பிரேக் இடைவெளி: இவரைக் கேட்கணும்

என் வீட்டுக்காரி லிப்ட் கம்பெனியில மெக்கானிக்குகளுக்குக் கையேடு எழுதுறவ. நான் அதே கம்பெனியில சீனியர் மெக்கானிக். அவ எழுதின எதையும் நான் படிச்சதில்ல. பதினெட்டு வருஷ அனுபவம் இருக்கிறவனுக்குப் புத்தகம் எதுக்கு?

முன்னெல்லாம் ஒரு பக்கம் மாறினா ரெண்டு நாள் அல்லாடுவா. அட்டவணையைச் சரிபண்ணி, பிடிஎஃப் ஆக்கி, இணையத்துல ஏத்தி, கிளைக்குக் கிளை மெயில் போட்டு... இப்ப அத்தனையையும் சர்வரே செய்யுற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டா. இவ எழுதிச் சேமிச்சா போதும். அது பக்கத்தைத் தயார் பண்ணி, உடைஞ்ச லிங்க் இருக்கான்னு பார்த்து, நாலு நிமிஷத்துல எல்லா மெக்கானிக் போனுக்கும் அனுப்பிடும். சரியா ஓடினா திரையில பச்சை, எங்கயாவது முட்டினா சிவப்பு. பச்சை வரும்போது அவ முகத்தைப் பார்க்கணுமே!

சாப்பிடும்போது என் வாய் சும்மா இருந்துச்சா? "எல்லாத்தையும் அதுவே பண்ணிட்டா, உனக்கு என்னதான் வேலை?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போனவதான், மூணு நாள் பேச்சே இல்ல.

அவளுக்கு ஒரு பழக்கம். எழுதும்போது சந்தேகம் வந்தா அந்த இடத்துல "இவரைக் கேட்கணும்"னு குறிச்சு வைப்பா. இவர்னா நான்தான். என் பேரை வாயால சொல்ல மாட்டா, கம்ப்யூட்டர்கிட்டயும் சொல்ல மாட்டா. கையால வெளியிட்ட காலத்துல அந்தக் குறிப்பு கண்ணுல பட்டுடும். சர்வருக்கு இவர் யாரு, அவர் யாருன்னு என்ன தெரியும்?

நாலாம் நாள் காலையில ஒரு மெக்கானிக் பையன் போன் போட்டான். "அண்ணே, புது மாடல் பக்கத்துல 'பிரேக் இடைவெளி: இவரைக் கேட்கணும்'னு வந்திருக்கு. அக்கா எழுதினதுன்னா அது நீங்கதானே?"

எனக்குக் கால் தரையில நிக்கல. "பாயிண்ட் அஞ்சு மில்லிமீட்டர். போய் வை"ன்னேன். மதியத்துக்குள்ள ஆறு பேர் கேட்டாங்க. ஆறு பேருக்கும் அதே பதில், கூடவே கொஞ்சம் உபதேசமும்.

நெஞ்சை நிமித்திக்கிட்டு அவ மேஜைக்குப் போனேன். "ஊரே என்னைக் கேட்குது, நீ மட்டும் கேட்க மாட்டே"ன்னேன். பக்கத்தைத் திறந்து பார்த்து நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

"கேட்டவங்களுக்கு என்ன சொன்னீங்க?"

"பாயிண்ட் அஞ்சு."

"ஐயோ, அது பழைய மாடலுக்காச்சேங்க!"

உடனே டிசைன் பிரிவுக்குப் போன் போட்டா. புதுசுக்குப் பாயிண்ட் மூணாம். அஞ்சு வெச்சா பிரேக் சரியாப் பிடிக்காது, ஆளோட லிப்ட் நழுவும்.

அவ பதறாம திருத்திச் சேமிச்சா. எந்தப் பக்கத்துல "இவரை"ன்னு இருந்தாலும் சிவப்பு காட்டி நின்னுடணும்னு சர்வருக்கு ஒரு வரியும் சேர்த்தா. நாலு நிமிஷத்துல பச்சை வந்துடுச்சு.

"பக்கம் போயாச்சு. நீங்க வாயால சொன்னதை அது திருத்தாது. நீங்கதான் கூப்பிடணும்"ன்னா.

கூப்பிட்டேன். அஞ்சு பேர், "பக்கம் மாறினதைப் பார்த்துட்டோம்ணே, மூணுதான் வெச்சோம்"னாங்க. ஆறாவது ஆள் போனையே எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சதுல ஒருவழியா எடுத்தான். "எவ்வளவுடா வெச்சே?"ன்னு கேட்டேன்.

"நீங்க சொன்ன அஞ்சுதாண்ணே. புத்தகத்துல ஏதோ மாறியிருக்குன்னு வந்துச்சு. நீங்களே சொன்னப்புறம் அதை எதுக்குப் பார்க்கணும்? கீழ ஆளுங்க காத்திருக்காங்க, லிப்டை விட்டுடட்டுமா?"

"விடாதடா! புத்தகத்தைப் பாரு! அதுல போட்டிருக்கிறதை வை!"

கத்தின கத்துல ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. அவ மட்டும் தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டா.