வாய் திறந்து சொல்லாத ‘வேண்டாம்’

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு தை மாதத்தில். இடம் இத்தாலியின் பலெர்மோ நகரம். அதன் கிழக்கு ஓரத்தில் பிரான்காச்சோ என்று ஒரு பகுதி. அங்கே கார் திருத்தும் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு குதிரை லாயத்தில்தான் நான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தேன். சிசிலி என்றால் ஆண்டு முழுக்க வெயில் என்று நினைப்பவர்கள் அந்தத் தையில் அங்கே வந்து பார்த்திருக்கவேண்டும். கடல் பக்கமிருந்து வீசும் வடகாற்று எலும்புக்குள் புகுந்து குடியிருக்கும். நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மலைகளில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மழை மூன்று கிழமையாக விடவில்லை.

வீடு கூட்டித் துடைக்கிற எனக்குக் குதிரை லாயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் வாயால் வந்தது. பொலிதேயாமா என்ற பெரிய நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு முதலாளி வீட்டில் அப்போது வேலை செய்தேன். கல்யாணங்களுக்குக் குதிரை வண்டி விடுவது அவருடைய தொழில். கார்த்திகையில் அவருடைய குதிரைக்காரன் வடக்கே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த வாரம் முதலாளி என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். நெடுந்தீவு என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். “எங்கட தீவில குதிரையள் தெருவிலேயே திரியும்” என்று பெருமையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. “அப்ப உனக்குக் குதிரை தெரியும்” என்றார்.

எனக்கு என்ன தெரியும்? நெடுந்தீவுக் குதிரைகள் தம்பாட்டில் வெட்டவெளியில் நிற்பவை. நாங்கள் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அந்தத் தீவில் பிறந்தவர் எல்லாம் குதிரைக்காரர் என்றால், கடற்கரையில் பிறந்தவர் எல்லாம் மீனாக அல்லவா இருக்கவேண்டும். ஆனால் வேலை கொடுக்கிறவர் மலர்ந்த முகத்தோடு நிற்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நான் லாயத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தது ஐந்து வயதுப் பெண்குதிரை. மண்ணிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நான் அவளைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டேன். வசந்தத்தில் கல்யாணங்கள் தொடங்குவதற்குள் அவளை வண்டிக்குப் பழக்கிவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அவளோ தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கே கண் வெளியே வரும்படி பயந்தாள். குடையைக் கண்டால் பின்னங்காலில் எழும்பினாள். குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு வைக்கவில்லை என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பழமொழியைச் சொன்னவர் ஒருநாளாவது குதிரையோடு பழகியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். கூரை ஒழுகி ஈரமான வைக்கோலை ஒவ்வொரு நாளும் அள்ளிக் கொட்டி, காய்ந்ததைப் பரப்பினேன். குளம்புக்குள் சேறு நின்றால் அழுகி நாறும் என்று மூக்காலேயே கண்டுபிடித்தேன். அதன்பிறகு தினமும் நான்கு குளம்பையும் சுரண்டித் துடைத்தேன். குடையைத் தூரத்தில் விரித்துவைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதைத்துக்கொண்டிருப்பேன். அங்கே குதிரைகளுக்கு ஒரு கறுத்த இனிப்புக் காய் கொடுப்பார்கள், பார்க்கப் புளியங்காய் மாதிரி இருக்கும். அதைக் குடைக்குப் பக்கத்தில் வைப்பேன். பத்தாவது நாள் பிள்ளை குடைக்குள்ளேயே தலையை விட்டுக் காயை எடுத்தாள். மார்கழி முடிவதற்குள் வெறும் வண்டியைப் பூட்டி, நான் தலைக்கயிற்றைப் பிடித்து முன்னே நடக்க, பட்டறைத் தெருவில் நிதானமாக வரப் பழகிவிட்டாள். “நில்” என்றால் நிற்பாள். புறப்படுவதற்கு மட்டும் பழைய குதிரைக்காரன் பழக்கியபடி நாக்கைத் தட்டிச் ‘ச்சு’ என்று சத்தம் கொடுக்கவேண்டும்.

இந்தச் ‘ச்சு’தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, மத்தியானம். வானம் கறுத்துப் போயிருந்தது. நான் பிள்ளையை வண்டியில் பூட்டி முடித்த நேரம், ஆலங்கட்டி ஒன்றிரண்டாக விழத் தொடங்கியது. முதலாளி லாயத்தின் வாசல் கூரைக்குக் கீழே நின்று கைத்தொலைபேசியில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். “சிஞ்ஞோரே, வெளியில கொண்டுபோகவோ?” என்று கேட்டேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து முகவாயை மேலே தூக்கி, ‘ச்சு’ என்றார்.

நம் ஊரில் ஒருவர் ‘ச்சு’ என்றால் என்ன பொருள்? பாவம் என்று பொருள். ‘இந்த மழையில போகவேண்டிக் கிடக்கு, என்ன செய்யிறது, போயிற்று வா’ என்று அவர் எனக்காக இரங்குகிறார் என்று நினைத்தேன். பிள்ளைக்கு அந்தச் சத்தத்தின் பொருள் வேறு. அவள் உடனே காலை எடுத்து வைத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே சொல்லைக் கேட்டு ஒரே பக்கம் நடந்தோம்.

வானத்தின் நிறம் என் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று நீங்கள் கேட்டால், தெரிந்தது. கேட்காமலே அவளைத் திரும்பக் கட்டியிருக்கவேண்டும். அது என் பிழை, அதை நான் மறைக்கவில்லை.

தெரு முடிவில் ரயில் பாதைக்குக் கீழே இறங்கும் ஒரு சரிவு உண்டு, பழைய கல் பாவியது. அங்கே போகும்போது ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. பிள்ளை பயந்து ஓடவில்லை. நான் பழக்கியபடி என் தோளோடு தோளாக வந்தாள். ஆனால் லாடத்துக்கும் ஈரக்கல்லுக்கும் ஒத்துவருமா? முன்னங்கால் இரண்டும் வழுக்க, வண்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ள, அப்படியே முழங்காலில் விழுந்தாள். எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. நான் அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, “நில் பிள்ளை, நில் பிள்ளை” என்று கத்தினேன். அவள் நின்றாள், விழுந்த நிலையிலேயே. 

லாயத்துக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். எண்ணெய்க் கையோடு வாரை அறுத்து, வண்டியைப் பின்னால் இழுத்து, அவளை எழுப்பிவிட்டார். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து இரத்தம் வழிந்தது. நடுங்கிக்கொண்டு நடந்து வந்தாள்.

முதலாளி அதே கூரைக்குக் கீழே நின்றார்.

“நான் வேண்டாம் எண்டு சொன்னனான்” என்றார்.

“எப்ப சொன்னனீங்கள்?”

அவர் மறுபடி முகவாயைத் தூக்கிச் ‘ச்சு’ என்றார்.

நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பட்டறைக்காரர்தான் விளக்கினார். “இஞ்சை அப்பிடித் தலையைத் தூக்கிச் சத்தம் போட்டால் ‘இல்லை’ எண்டு அர்த்தம். சிசிலியில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

சிசிலியில் பிறந்த பிள்ளைக்குத் தெரியும், சரி. நெடுந்தீவில் பிறந்தவளுக்கு?  ஒரு சத்தத்தின் பொருள் தெரியாமல் ஒரு வாயில்லாச் சீவனை விழுத்திவிட்டேனே என்று அழுதேன்.

அழுகை ஓய்ந்தபிறகுதான் கோபம் வந்தது. லாயத்து வாசலிலிருந்து வெளிக் கதவு வரைக்கும் இருபது அடி. அந்தக் கதவின் இரும்புத் தாழ் துருப்பிடித்தது, கல்லால் தட்டித்தான் திறக்கவேண்டும். நான் தட்டினேன், திறந்தேன், வண்டியை வெளியே எடுத்தேன், திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். அவ்வளவு நேரமும் அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வேண்டாம் என்றால் ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? பழகி வந்தால் அவருக்கு லாபம், விழுந்து வந்தால் என்மேல் பழி. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதில் பாவம் குதிரையை ஏன் இழுத்தார்களோ. எனக்குக் குழி பறித்தது குதிரை இல்லை.

முதலாளி அதோடு நிற்கவில்லை. முழங்காலில் தழும்பு வந்த குதிரையை எந்தக் கல்யாண வீட்டார் விரும்புவார்கள், சனிக்கிழமை இறைச்சிக்காரனின் லொறி வரும் என்றார். சந்தையில் மாட்டிறைச்சி விற்பது போல அங்கே குதிரை இறைச்சியும் விற்பார்கள். “வைத்தியரைக் கூப்பிடவோ?” என்று கேட்டேன். முகவாயைத் தூக்கிச் ‘ச்சு’ என்றுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்க் கம்பளிகளை எடுத்தேன். உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து காலை நீட்டியிருந்த என் கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

“உதை எங்கை கொண்டுபோறீர்?”

“பிள்ளைக்கு. குளிரில நடுங்குது.”

“போன கிழமை எனக்குக் காய்ச்சல் வரேக்க உந்தக் கம்பளி எங்கை இருந்தது?”

“நீங்கள் என்ன, வண்டியோ இழுக்கிறியள்?”

“இழுக்கிறன்தானே, பதினொரு வருசமா.”

சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கம்பளியைத் தன் தோளில் போட்டபடி என்னோடு வந்தார். மனிசன் வாயால் குத்தினாலும் காலால் கூடவே வருவார்.

லாயத்தில் வைக்கோலைச் சுருட்டிப் பிள்ளையின் உடம்பு சூடேறும்வரை தேய்த்தோம். தவிட்டை வெந்நீரில் கரைத்துக் கஞ்சியாக்கி வைத்தேன். உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவினேன். புதன்கிழமை இருமல் தொடங்கியது. வியாழக்கிழமை காலை அவள் கஞ்சியைத் தொடவில்லை. காதைத் தொட்டால் நெருப்பாகக் கொதித்தது. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

பட்டறைக்காரரிடம் ஓடினேன். அவருடைய மைத்துனர் மிருக வைத்தியர். ஆனால் முதலாளியின் விஷயத்தில் வாய் கொடுக்கப் பட்டறைக்காரர் தயங்கினார். “சொல்லாத சொல்லுத்தான் நல்ல சொல்லு எண்டு எங்கட பழமொழி” என்றார். பழமொழி என்றால் உயிரை விடுகிறவள் நான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்த நல்ல சொல்லாலதானே ஐயா பிள்ளை முழங்காலில விழுந்தது. நீங்களும் அவரைப் போலப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பத்தடி நடப்பதற்குள் அவர் தொலைபேசியை எடுக்கும் சத்தம் கேட்டது.

வைத்தியர் வந்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். சளி நுரையீரலுக்கு இறங்குகிறது, ஊசி போடவேண்டும் என்றவர், மருந்தை எடுக்குமுன் என்னிடம் கேட்டார்: “உரிமையாளர் சம்மதிச்சாரோ?”

நான் பொய் சொல்லவில்லை. “வேண்டாம் எண்டு அவர் வாய் திறந்து சொல்லேல்லை” என்றேன்.

பட்டறைக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வைத்தியர் ஊசியைப் போட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்து என்னிடம் தந்தார். இந்த மருந்து ஏறிய குதிரையை மாதக்கணக்கில் இறைச்சிக்கு வெட்டக் கூடாது என்று அதில் இருந்தது. நான் உயிரைக் காப்பாற்றத்தான் ஊசி கேட்டேன். அது இரண்டு வழியில் காப்பாற்றும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சனிக்கிழமை லொறி வந்தது. முதலாளியும் வந்தார். நான் தாளை இறைச்சிக்காரனிடம் நீட்டினேன். அவன் படித்துப் பார்த்து, எனக்கு வம்பு வேண்டாம் என்று லொறியைத் திருப்பினான். முதலாளியின் முகம் சிவந்துபோனது.

“வைத்தியர் வேண்டாம் எண்டு சொன்னனே.”

“எனக்குக் கேக்கேல்லை, சிஞ்ஞோரே.”

“செவ்வாய்க்கிழமையும் இப்பிடித்தான். நான் வேண்டாம் எண்டன், நீ கொண்டுபோனாய்.”

அப்போது பட்டறைக்காரர், நான் எதிர்பார்க்கவே இல்லை, தெருவில் நின்ற நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்: “நீங்கள் கூரைக்குக் கீழ நிண்டு பாத்துக்கொண்டிருந்ததை நான் கண்டனான். கூப்பிட்டிருந்தால் அவ நிண்டிருப்பா.”

முதலாளி என் பக்கம் திரும்பி, லாயத்திலும் வீட்டிலும் இனி எனக்கு வேலை இல்லை என்றார். அதை மட்டும் தெளிவாக, வாய் நிறையச் சொன்னார். நான் பிள்ளையின் கழுத்தில் ஒருதரம் கை வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். மீதி ஊசிகளை வைத்தியர் போட்டார், கஞ்சியைப் பட்டறைக்காரர் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் முதலாளி அவளை வைத்துக்கொண்டார்.

சித்திரையில் ஒரு தேவாலய வாசலில் அவளைக் கண்டேன். முழங்கால் தழும்பை மறைத்து வெள்ளை உறையும் அதில் பூவும் கட்டியிருந்தார்கள். வண்டியில் மணப்பெண் ஏறிக்கொண்டிருந்தாள். யாரோ குதிரை அழகாக இருக்கிறது என்று சொல்ல, முதலாளி சத்தமாகச் சொன்னார்: “இந்தக் குளிர்காலம் முழுக்க நானே என்ர கையால பாத்து வளத்தனான்.”

நான் கூட்டத்துக்குள் புகுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு பெண்ணின் கல்யாண நாளைக் கெடுக்க மனம் வரவில்லை. பிள்ளை உயிரோடு நின்றாள், அது போதும் என்று திரும்பி வந்தேன்.

இத்தனை ஆண்டு போனபிறகும் என்ன கோபம், விட்டுத்தள்ளும் என்றுதான் என் கணவர் சொல்கிறார். தெரியாமல் செய்த என் பிழைக்கு நான் அன்றைக்கே அழுது, அவள் காலைக் கழுவி, மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தெரிந்தும் பார்த்து நின்றவர் மேலுள்ள கோபத்தை மட்டும் நான் விடவில்லை, ஏனென்றால் கண்ணெதிரே ஒருவர் வழுக்கப் போவதைக் கண்டால் யாரென்று பாராமல் வாய்விட்டுக் கூப்பிட என்னைப் பழக்கியது அந்தக் கோபம்தான்.