கம்போசர் என்றால் யார்?

அஜ்மானில் நான் வேலை பார்த்த டைப்பிங் சென்டரில் ஒரு விதி உண்டு. புரியாத சொல் வந்தால் கஸ்டமரிடம் கேட்டுவிட்டுத்தான் டைப் அடிக்க வேண்டும். முதல் நாளே முதலாளி நூர் பாய் சொல்லிவிட்டார். நான் விதியை மீறவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதுதான் பிரச்சினை.

சைப்ரஸ்காரர் ஸ்டாவ்ரோஸ் விசாவுக்குத் தந்த தாளில் தொழில் என்ற இடத்தில் 'ஃபோக் கம்போசர், மேன் ஆஃப் லெட்டர்ஸ்' என்றிருந்தது. நான் கும்பகோணத்து அச்சகத்தில் பதினொரு வருடம் கம்போஸிங் பார்த்தவன். கம்போசர் என்றால் அச்சுக் கோப்பவர், லெட்டர்ஸ் என்றால் ஈய எழுத்து. ஒரே தொழிலை இரண்டு தரம் எழுதியிருக்கிறாரே, பெரிய கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன். 'ஃபோக்' மட்டும் இடித்தது. ஏதோ ஊர்ப்பெயர் என்று விட்டுவிட்டேன். அரபியில் 'அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்' என்று அடித்து அனுப்பினேன்.

லேபர் கார்டு வந்த மறுநாள் மனிதர் வயலின் பெட்டியோடு வந்து நின்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்:

"நான் நாட்டுப்புறப் பாட்டுக்கு மெட்டுப் போடுறவன், புத்தகம் எழுதுறவன் சார். மியூசிக் ஸ்கூல்ல எடுத்தாங்க. கார்டுல பிரஸ்னு இருக்காம், மாத்தலேன்னா வேலை இல்லைங்கிறாங்க. வேலை போனா விசா போச்சு. எனக்கு ஒரே மக, இங்க நர்ஸா இருக்கா. அவளை விட்டுட்டு அங்க போய் யாரோட இருப்பேன்?"

நூர் பாய் என் பக்கம் திரும்பினார். "என்னய்யா, வயலின் வாசிக்கிற மனுசனை அச்சாபீசுல தள்ளிட்டியே!"

"அன்னைக்கு வயலின் கொண்டு வரலையே பாய்."

கார்டை மாற்ற அவருடைய வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் வேண்டும். அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டதில் மனிதர் அலுத்துப்போனார். கல்யாண வீடுகளில் வயலின் வாசித்து வளர்ந்தவர். இருவர் எதிரெதிரே நின்று, அங்கேயே பாட்டுக் கட்டி, ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவது அவர் ஊர் வழக்கமாம்.

"எங்க ஊர்ல இது எசப்பாட்டு" என்றேன்.

"யாரு ஜெயிப்பா?"

"சத்தமாப் பாடுறவங்க."

"அங்கயும் அதேதான்."

இருநூறு பாட்டுக்கு மெட்டு. ஊர்ப் பேச்சிலேயே மூன்று புத்தகம். எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டேன். "என்னையும் சேர்த்தா?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது; என் அச்சகக் கதையையும் சொன்னேன். பிடித்துப்போன பிறகு குற்ற உணர்ச்சி இன்னும் அதிகமானது.

அவரை லேபர் ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். அதிகாரி குறிப்பைப் படிக்கவே இல்லை. "மியூசிக் சர்டிபிகேட்?"

"மாஃபி" என்று கையை விரித்தேன்.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். அடியில் ஒரு பழைய தாள் இருந்தது. ஊர்ப் பேச்சில் எழுதிய முதல் புத்தகத்தை அச்சிட யாரும் முன்வராததால், ஸ்டாவ்ரோஸ் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, தன் புத்தகத்துக்குத் தானே எழுத்துக் கோத்திருக்கிறார். அந்த இரண்டு வருடத்துக்கு அச்சக முதலாளி கொடுத்த சான்றிதழ் அது. மகள் எல்லாத் தாள்களோடும் அதையும் சேர்த்து அட்டஸ்ட் செய்து வைத்திருந்தாள்.

அதிகாரி முகம் மலர்ந்தார். "இதுல கம்போசிட்டர். கார்டுலயும் கம்போசிட்டர். எல்லாம் சரி. கலாஸ், முடிஞ்சது."

ஆக, அந்த மனிதரின் வாழ்க்கையில் ருசு உள்ள ஒரே சங்கதி என்னுடைய தப்பு!

நூர் பாய் ஸ்கூலுக்கு போன் போட்டார். "உங்க பாட்டுப் புத்தகமெல்லாம் யார் அச்சடிக்கிறா? வெளியிலயா? இவரை அதுக்கு வச்சுக்குங்க. வேலை நேரத்துல பாடக்கூடாதுன்னு கார்டுல எழுதலையே."

ஸ்கூல் ஒப்புக்கொண்டது. ஆண்டு விழாவில் "நமது அச்சுப் பிரிவு ஊழியர் இப்போது பாடுவார்" என்று அறிவித்தார்கள். பாடினார். நான் அழுதேன்; ஒரு வார்த்தை புரியவில்லை.

சென்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புரியாத சொல்லை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். புரிந்த சொல்லைத்தான் கேட்க வேண்டும்.

விழா முடிந்து ஸ்டாவ்ரோஸ் தன் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். முதல் பக்கத்தில் 'சக கம்போசருக்கு' என்று எழுதியிருந்தார். வளைகுடாவில் என் தொழிலைச் சரியாக எழுதிய ஒரே தாள் அதுதான். நான் வந்தபோது கிடைத்த விசா வேறு தொழிலுக்கானது. ஊர் திரும்பும்வரை என் கார்டில் இருந்தது 'டைல்ஸ் மேஸ்திரி'.