கூண்டுக்காரரும் அபாய மணியும்

கூண்டுக்காரர் எங்கள் பன்றி வெட்டுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் நான்கு மாதம் வேலை பார்த்தார். கத்தி படுமுன் பன்றிகளுக்கு நினைவு தப்ப வேண்டும். அதற்காக அவற்றைக் கூண்டில் ஏற்றி, கரியமில வாயு நிரம்பிய குழிக்குள் இறக்குவார். வாயு குறைந்தால் பன்றி பாதி நினைவோடு தவிக்கும். ஆகவே அளவு எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், மணியும் அடிக்க வேண்டும், உடனே கூண்டை நிறுத்த வேண்டும் என்பது விதி. எத்தனை விநாடியில் நிறுத்தினார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. மற்றவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு ஆகும். அவருக்கு மூன்றைத் தாண்டியதில்லை.

காரணம், அவருக்குக் காது கேட்காது. விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பேச்சென்றால் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். விஷயம் தெரிந்தவர்கள் அவர் மனைவி, எங்களிடமே மெக்கானிக்காக இருந்த மனைவியின் தம்பி, நான். என் படிவத்தில் காதுக்குக் கட்டம் இல்லை.

அவர் ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கையில் மேலாளர் அறிவித்தார்: "நாளைக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வர்றாங்க. மணி காதுல விழாதவங்க தொட்டி கழுவப் போகலாம்."

தொட்டியைக் குந்தித்தான் கழுவ வேண்டும்; அவருக்கோ முழங்கால் மடங்காது. சாப்பாட்டு அறையில் மைத்துனன் யோசனை சொன்னான்.

"மணி அடிச்சா நான் மூக்கைச் சொறியறேன் அத்தான். என்னையே பாத்துக்கிட்டு இருங்க."

"உன்னைப் பாத்தா விளக்கை யாருடா பாக்குறது?"

"ரெண்டையும் பாருங்க. அக்கா கல்யாணத்துலேருந்து நீங்க என்னைப் பாத்ததே இல்ல."

மறுநாள் காலி கூண்டை இறக்கவிட்டு, இன்ஸ்பெக்டர் வாயுவைக் குறைத்தார். விளக்கு எரிந்தது. இரண்டரை விநாடியில் கூண்டு நின்றது.

"மணி கேட்டுச்சா?"

"தெளிவா கேட்டுச்சு மேடம்" என்றார் மேலாளர்.

"காதே கிழிஞ்சிருச்சு மேடம்" என்றான் மெக்கானிக்.

கூண்டுக்காரர் மைத்துனனைப் பார்த்தார். அவன் இரு கைகளும் பாக்கெட்டில் இருந்தன. மூக்கு சும்மா இருந்தது. அவர் தன் முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"எனக்குக் கேக்கல மேடம்."

மேலாளர் முகம் கறுத்தது. இன்ஸ்பெக்டர் முக்காலி போட்டு ஏறி, மணியின் மூடியைத் திறந்து, நீலக்கோடு போட்ட காலுறை ஒன்றை வெளியே இழுத்தார்.

"சத்தம் மண்டையப் பொளக்குது மேடம். போன மாசம்தான் திணிச்சேன்" என்றான் மெக்கானிக்.

"இந்த இடத்துல காது இருக்குறது இவர் ஒருத்தருக்குத்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். என்னை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கூண்டுக்காரர் மைத்துனனைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா சொறியல?"

"மணி அடிச்சாத்தானே அத்தான் சொறியணும்? பேச்சு அதுதானே."

தினமும் காலையில் மணியைச் சோதித்து, 'கேட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்திடும் பொறுப்பை இன்ஸ்பெக்டர் அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். பதினான்கு மாதமும் அவர் மணியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கட்டத்தில் 'கேட்டது' என்பதை அடித்து, 'அதிர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் என் சுருக்கொப்பம் இருக்கிறது.